தியேட்டர் கேன்டீனை பார் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தியேட்டர் இருக்கிறது. மாமனார் கட்டியது. ஒரே திரை, கீழே ஹால், மேலே பால்கனி. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு பார்ட்னர்ஷிப் பத்திரத்தைத் திருத்தி என்னைச் சேர்த்தார்கள். பாதி எனக்கு, பாதி கொழுந்தனாருக்கு. லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது. பெரிய படம் வந்தால் ஒரு வாரம் கூட்டம் வரும். மற்ற நாளில் கரண்ட் பில்லுக்கே வசூல் பத்துவதில்லை.

டாஸ்மாக் பாரை ஏலம் எடுத்து நடத்தும் ஒருவர், எங்கள் கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் 9 வருஷத்துக்குக் கேட்கிறார். அட்வான்ஸ் 8 லட்சம் தருகிறாராம். "வெளிநாட்டில் தியேட்டரிலேயே பீர் விற்கிறார்கள், இங்கேயும் சட்டம் வரப்போகிறது, வரும்போது இடம் நம்ம கையில் இருக்கணும்" என்கிறார். டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகனும் "ஆமாம்மா, இங்கே அது சாதாரணம்" என்கிறான். கொழுந்தனார் பத்திரம் எழுதி ரெடியாக வைத்திருக்கிறார். "குடிக்காம எவன் ரெண்டாம் ஆட்டத்துக்கு வர்றான்? வெளியில குடிக்கிறத உள்ள குடிச்சிட்டுப் போறான். கையெழுத்தப் போடுங்க மதினி" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் வாதாடத் தெரியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? நாளைக்கு அரசாங்கமே அனுமதித்தால் செய்யலாமா?

பதில்

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தியேட்டருக்குள் மது விற்க இன்றைய சட்டத்தில் இடமில்லை. நாளைக்கே இடம் வந்தாலும் உங்கள் ஊருக்கும் உங்கள் தியேட்டருக்கும் அது ஆகாது என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் மனசு ஒப்பாததற்குச் சட்டத்திலேயே நிறையக் காரணம் இருக்கிறது. விவரமாகச் சொல்கிறேன். கொழுந்தனாரிடமும் படிக்கக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் மது சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அடிப்படை, 1937-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்த மதுவிலக்குச் சட்டம்தான். ஊருக்கு ஊர் டாஸ்மாக் இருப்பதால் அந்தச் சட்டம் செத்துப்போனது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மது விற்பதும் வைத்திருப்பதும் இன்றைக்கும் அந்தச் சட்டப்படி குற்றம். அரசு விதி போட்டு விலக்குக் கொடுத்த இடத்தில் மட்டும் அது குற்றமாவதில்லை. ஆகவே "தியேட்டரில் விற்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று அந்தக் காண்ட்ராக்டர் கேட்டால், "விற்கலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். 1981-ம் வருஷத்து உரிம விதிகளில் மனமகிழ் மன்றத்துக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3 என்று தனித்தனி உரிமம் உண்டு. சினிமா தியேட்டருக்கு என்று ஒன்று கிடையாது. சில்லறை விற்பனையோ 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக்கின் தனி உரிமை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பார் ஏலம் எடுத்தவருக்கு மது விற்கும் உரிமை கிடையாது. கடையை ஒட்டிய பாரில் தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும்தான் அவர் ஏலத்தில் எடுத்தது. பாட்டிலை விற்பது டாஸ்மாக். தன் பாரிலேயே விற்க உரிமை இல்லாத ஒருவர், உங்கள் கேன்டீனில் விற்கப்போவதாகச் சொல்லி 9 வருஷத்துக்கு இடம் கேட்கிறார். நாளைக்குச் சட்டம் மாறினாலும் உரிமம் அவருக்குக் கிடைக்குமா, தியேட்டர்காரருக்குக் கிடைக்குமா, டாஸ்மாக்கே வைத்துக்கொள்ளுமா என்பதை அவரால் சொல்ல முடியாது.

"சட்டம் வரப்போகிறது" என்ற பேச்சுக்கு 2023 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உரிம விதிகளைத் திருத்தி, மாநாட்டு அரங்கம், கல்யாண மண்டபம், விளையாட்டு மைதானம் ஆகிய இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மது பரிமாற எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமம் தரலாம் என்று அரசு அறிவித்தது. செய்தி வெளியான உடனே எதிர்ப்புக் கிளம்பி, கல்யாண மண்டபத்துக்கு அனுமதி இல்லை என்று துறை அமைச்சர் அன்றைக்கே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஒரு நாள் விசேஷம் நடக்கும் மண்டபத்துக்கே இந்த எதிர்ப்பு. தினம் நாலு ஆட்டம், கைக்குழந்தையோடு ஜனம் வந்து உட்காரும் இடத்துக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அப்படியே ஒரு நாள் அனுமதி வந்தாலும் 9 வருஷம் நிற்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. துணி வியாபாரத்தையோ மீன் வியாபாரத்தையோ அரசு திடீரென்று நிறுத்தினால் கோர்ட்டுக்குப் போய் உரிமை கேட்கலாம். மதுவில் அந்த வழி இல்லை. அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகும்படி அரசுக்கு வழிகாட்டுகிறது. நம் மாநிலத்தில் 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள். 2016-லும் 2017-லும் 2023-லும் தடவைக்கு 500 கடையாக அரசே மூடியது. இவ்வளவு ஆட்டம் கண்ட தொழிலை நம்பி, மாமனார் கட்டிய கட்டடத்தின் முன்பக்கத்தை 9 வருஷம் கட்டிப்போடுவது நல்ல வியாபாரம் ஆகாது.

தூரக் கணக்கும் இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் இவற்றிலிருந்து மதுக்கடை நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2003-ம் வருஷத்து விதி சொல்கிறது. நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 500 மீட்டர் தூரம் வைத்தது. பிறகு சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் ஆக்கியது, நகராட்சி எல்லைகளுக்கு மேலும் தளர்த்தியது. நம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, மண்டபம், தங்கச்சிமடம் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஊர் என்பது ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ரோட்டை ஒட்டியே கோயிலும் தர்காவும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. நாளைக்குத் தியேட்டருக்கும் இதே மாதிரி தூரம் வைத்தால் நம் பக்கத்தில் எத்தனை தியேட்டர் தேறும்? டேப்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் கேட்டிலிருந்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பத்திரத்துக்கு வருகிறேன். என் கவலை இதில்தான் அதிகம்.

சட்டம் தடுத்த காரியத்தை நோக்கமாக வைத்துப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவு சொல்கிறது. "இன்னது நடந்தால்" என்று நிபந்தனை போட்ட ஒப்பந்தத்தை, அது நடக்கும்வரை அமல்படுத்த முடியாது என்று 32-வது பிரிவு சொல்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு இது தெரிந்திருக்கும். ஆகவே பத்திரத்தில் மது என்ற பேச்சே இருக்காது என்று நினைக்கிறேன். "கேன்டீன், குளிர்பானம், சிற்றுண்டி, வாகன நிறுத்துமிடம், சட்டப்படி அனுமதிக்கப்படும் இதர பொருள்கள்" என்று ஒரு வரி இருக்கும். தயவுசெய்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அப்படி இருந்தால் சட்டம் வருகிறதோ இல்லையோ, கேன்டீன் சாவி முதல் நாளே அவர் கைக்குப் போகிறது.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்துகிறது. உங்கள் இரண்டாம் ஆட்டம் அதற்குப் பிறகு தொடங்கும். கடை சாத்திய பிறகு பிளாக்கில் சரக்குத் தேடுகிறவன் ஊரில் எப்போதும் உண்டு. அந்த நேரத்தில் ஊரில் விளக்கு எரிந்து கூட்டம் சேரும் ஒரே இடம் தியேட்டர். அந்தக் காண்ட்ராக்டர் அங்கே பிளாக்கில் விற்பார் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. விற்றால் தடுக்க உங்களிடம் சாவி இருக்காது என்கிறேன். ஒரு நாள் ரெய்டு வந்து கேன்டீனுக்குப் பின்னால் பாட்டில் கிடைத்தால் போலீஸ் முதலில் தேடுவது லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான். அது உங்கள் கொழுந்தனார். 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கித் திருத்தம் வந்திருக்கிறது. தியேட்டருக்கான 'சி' படிவ உரிமம் கலெக்டர் கையில். 1955-ம் வருஷத்து சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி கொடுத்தவரே நிறுத்தியும் வைக்கலாம், ரத்தும் செய்யலாம். கேன்டீனில் நடந்த தப்புக்குப் பூட்டு விழுவது மெயின் கேட்டில். இதைக் கொழுந்தனாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரை எதிர்த்துப் பேசுவதாக இல்லாமல், அவரைக் காப்பாற்றப் பேசுவதாகச் சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.

"மதினி கையெழுத்துப் போடாவிட்டால் நானே போட்டுக்கொள்கிறேன்" என்று அவர் சொல்ல முடியுமா? முடியாது. 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் 12-வது பிரிவைப் பாருங்கள். அன்றாட விஷயங்களில் பங்குதாரர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப்படி முடிவு செய்யலாம். தொழிலின் தன்மையையே மாற்றுவதாக இருந்தால் எல்லாப் பங்குதாரர்களும் சம்மதிக்க வேண்டும். சினிமா காட்டும் தொழிலை, சினிமாவோடு மது விற்கும் தொழிலாக மாற்றுவது தன்மை மாற்றம் இல்லாமல் வேறென்ன? அதே சட்டத்தின் 19-வது பிரிவுப்படி நிறுவனத்தின் அசையாச் சொத்தை ஒரு பங்குதாரர் மட்டும் தனியாக மாற்றிக் கொடுக்க முடியாது. 9 வருஷக் குத்தகை என்றால் பதிவும் செய்தாக வேண்டும், பதிவுக்கு நீங்கள் வர வேண்டும். நிலம் இன்னும் மாமனார் பேரிலேயே இருந்தால் வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். டெக்சாஸில் இருக்கும் உங்கள் மகனும் அதில் ஒருவர். லைசென்ஸ் கொழுந்தனார் பேரில் இருப்பதால் தியேட்டர் அவருடையது ஆகிவிடாது. உங்கள் பாதிக்கு இருக்கும் பலம் இதுவரை உங்களுக்கு யாரும் சொல்லாதது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மகன் சொல்வது பொய் இல்லை. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் 1997-ல் தொடங்கிய அலமோ டிராஃப்ட்ஹவுஸ் என்ற தியேட்டர், சாப்பாடும் பீரும் இருக்கைக்கே கொண்டுவந்து கொடுத்துப் பெயர் வாங்கியது. பிறகு பல ஊர்களுக்குப் பரவி, 2024-ல் சோனி பிக்சர்ஸ் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் அங்கே அது என்னென்ன கட்டுப்பாட்டோடு நடக்கிறது என்பதையும் மகனிடம் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கை நீக்கியபோது மது அதிகாரத்தை மாநிலங்களுக்கே விட்டார்கள். அதனால் மாநிலத்துக்கு ஒரு சட்டம். வாஷிங்டன் மாநிலத்தில் சிறுவர்கள் வரும் தியேட்டர் பீர் விற்க வேண்டுமென்றால், அவர்கள் கைக்கு அது போகாமல் தடுக்கும் திட்டத்தை எழுதிக் கொடுத்து மது வாரியத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். யூட்டா மாநிலத்தில், மது விற்கும் தியேட்டரில் இன்னின்ன காட்சியுள்ள படம் ஓட்டக் கூடாது என்று ஒரு சட்டமே இருந்தது. புரூவீஸ் என்ற தியேட்டர் கோர்ட்டுக்குப் போய் 2017-ல் அதை உடைத்தது. மது விற்றால் எந்தப் படம் ஓட்டலாம் என்பதில்கூட அரசு கைவைக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதோடு அங்கே பல மாநிலங்களில், போதை தலைக்கேறியவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து அவன் வெளியே போய் யார் மேலாவது வண்டியை ஏற்றினால், விற்றவர் மேலேயே நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். ஒவ்வொரு மேசைக்கும் பார்த்துப் பரிமாறும் ஆள், வயதுச் சான்றைச் சோதிக்கும் ஆள், தொந்தரவு செய்கிறவரை எழுப்பி வெளியே அனுப்பும் ஆள் என்று சம்பளம் கொடுத்து நடத்தும் வியாபாரம் அது.

நம் ஊரிலும் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடை வாசலில் அதைச் சோதிப்பதே பெரும்பாடு. இருட்டு ஹாலில், ஒரு வரிசையில் அண்ணன் வாங்கிய டம்ளர் தம்பி கைக்குப் போவதை யார் பார்ப்பது? உங்கள் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர், ஆபரேட்டர், கேன்டீன் பையன், ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர் தவிர வேறு ஆள் இருக்கிறார்களா?

ஹாலின் அமைப்பையும் நினைத்துப் பாருங்கள். சரிந்து இறங்கும் தளம், பால்கனிப் படி, இருட்டு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்திருந்ததால் பால்கனியில் இருந்தவர்களுக்கு வெளியே ஓட வழியில்லாமல் போனது. உரிமையாளர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒரு அவசரத்தில் எழுந்து ஓட முடியாத நிலையில் ஹாலில் பாதிப் பேர் இருந்தால், அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது உங்கள் கேன்டீன்தான் என்று ஆகிவிட்டால், எந்த இன்சூரன்ஸும் எந்த வக்கீலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு சக்கர வண்டியில் திரும்பும் பையன்களை நினைத்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறையும் அபராதமும் போகட்டும், அந்த ரோட்டில் விளக்கு இல்லாமல் நிற்கும் மீன் லாரிகளை உங்களுக்குத் தெரியும்.

சட்டம் பேசியது போதும். அனுமதி வந்தாலும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கான காரணம் வேறு.

உங்கள் தியேட்டருக்கு யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். முதல் நாள் விசிலடிக்க வரும் பையன்களைச் சொல்லவில்லை. அவர்கள் ஒரு வாரத்தில் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு படம் ஓடுகிறதென்றால் குடும்பத்தோடு வருகிறவர்களால்தான் ஓடுகிறது. ஒரு ஆண் தனியாக வந்தால் ஒரு டிக்கெட். ஒரு தாய் வந்தால் பிள்ளைகள், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று ஐந்தாறு டிக்கெட், இடைவேளையில் அத்தனை பேருக்கும் ஏதாவது. நம் கடற்கரையில் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து இரண்டரை மணி நேரம் நிம்மதியாக உட்காரக் கோயில், பள்ளிவாசல், சர்ச், தர்கா தவிர என்ன இருக்கிறது? பாசி எடுக்கக் கடலில் மூழ்கி எழும் பெண்களுக்கும், நண்டு கம்பெனியில் நாள் முழுக்க நின்று ஓடு உடைக்கும் பெண்களுக்கும், கருவாடு காயப்போடும் பெண்களுக்கும் எப்போதாவது ஒரு சாயங்காலம் என்றால் அது சினிமாதான். டிவியும் செல்போனும் வந்த பிறகும் அவர்கள் கிளம்பி வருகிறார்கள் என்றால், வீட்டில் கிடைக்காத ஒன்று உங்கள் பால்கனியில் கிடைக்கிறது. பக்கத்து சீட்டில் மது வாடை வந்தால் அவர்கள் ஒரு முறை முகம் சுளிப்பார்கள். அடுத்த படத்துக்கு வர மாட்டார்கள். புகார் சொல்லவும் மாட்டார்கள். வராமல் இருந்துவிடுவார்கள். அந்த நஷ்டம் எந்த டெய்லி கலெக்‌ஷன் ரிப்போர்ட்டிலும் தனியாகத் தெரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருக்கிறார்கள், பங்குக் காசு கிடையாது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். உங்கள் தியேட்டருக்குக் குடும்பக் கூட்டம் வரும் மாதமும் அதுதான். அதாவது வீட்டில் காசு ஆகக் குறைவாக இருக்கும் நாட்களில்தான் அவர்கள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அந்தக் காசு கரையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஏற்கெனவே ஒரு கடை உட்கார்ந்திருக்கிறது. பெண்டாட்டி பிள்ளையோடு படத்துக்கு என்று வந்த இடத்திலும் இன்னொன்று வேண்டாம். என் அலுவலகத்துக்கு ஜீவனாம்ச வழக்கும் குடும்ப வன்முறை வழக்குமாக வரும் கடற்கரைப் பெண்கள் சொல்லும் கதையில் முதல் வரி பெரும்பாலும் குடிதான். கணவனைப் பிரிய வேண்டும் என்று அவர்கள் வருவதில்லை, வீட்டுக்குக் காசு வர வேண்டும் என்றுதான் வருகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டே, லாபம் வருமென்றால் செய்யுங்கள் என்று என்னால் எழுத முடியாது.

கொழுந்தனார் சொல்லும் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். குடித்துவிட்டு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே விற்றால் வெளியே குடிப்பது நின்றுவிடும் என்பது நடக்காது. தியேட்டருக்குள் எந்தப் பொருளும் வெளியை விட விலை கூட. கடையில் குவார்ட்டர் வாங்கி முள்ளுக்காட்டில் குடிக்கிறவன், அதிக விலை கொடுத்து உள்ளே வாங்க மாட்டான். குடித்துவிட்டுத்தான் வருவான். இடைவேளையில் உள்ளேயும் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வான். இதுவரை குடிக்காமல் வந்தவனுக்கும் வாசல் திறந்துவிட்டதாக ஆகும்.

குடித்து வருகிறவர்களைச் சமாளிக்க உங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரத்தை முதலில் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து என்ன கொண்டுவரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை தியேட்டர்காரருக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிதண்ணீர் இலவசமாகக் கொடுங்கள், கைக்குழந்தைக்கான சாப்பாட்டைத் தடுக்காதீர்கள் என்பதும் அதே உத்தரவுதான். ஆகவே பையைப் பார்த்து பாட்டிலை வாசலிலேயே நிறுத்தலாம். "மது அருந்தியவர்களுக்கு அனுமதி இல்லை" என்று டிக்கெட்டிலும் கவுண்டரிலும் அச்சடித்துப் போடுங்கள். தள்ளாடி வருகிறவரிடம் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். பொது இடத்தில் போதையில் தொந்தரவு செய்வது பாரதிய நியாய சம்ஹிதா 355-வது பிரிவுப்படி குற்றம். 1998-ல் வந்த பெண்களுக்கு எதிரான தொல்லை தடுப்புச் சட்டத்தில் சினிமா தியேட்டர் பெயர் சொல்லியே வருகிறது. உங்கள் வளாகத்துக்குள் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நடந்தால் நடவடிக்கை எடுத்து, போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டியது பொறுப்பில் இருப்பவரின் சட்டக் கடமை. மது விற்கும் கேன்டீனையும் வைத்துக்கொண்டு இந்தக் கடமையையும் எப்படி நிறைவேற்றுவது என்று கொழுந்தனாரைக் கேளுங்கள். புதுப்படம் ரிலீஸாகும் நாட்களில் இரண்டாம் ஆட்டத்துக்கு ஒரு காவலர் வேண்டும் என்று ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

வருமானம் குறைகிறது என்பது உண்மையான கஷ்டம், அதைத் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். டிக்கெட் காசில் விநியோகஸ்தர் பங்கு போக மிச்சம் கொஞ்சம்தான், கேன்டீனும் ஸ்டாண்டும்தான் முழுக்க உங்கள் கைக்கு வருவது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இரண்டையும் காண்ட்ராக்டர் குறிவைத்துக் கேட்கிறார். அதை அவரிடம் கொடுப்பதற்குப் பதில் உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு 11 மாத ஒப்பந்தத்தில் கொடுத்துப் பாருங்கள். பாக்கெட் பாப்கார்னோடு நிறுத்தாமல் கருப்பட்டிக் காபி, நண்டு சூப், இறால் வடை, கீழக்கரைத் தொதல் என்று நம் ஊர்ச் சரக்கு வைக்கச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு குழுவின் பேரில் இருக்கட்டும், தின்பண்டத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பெண்கள் கழிப்பறையையும் அதன் தாழ்ப்பாளையும் முதலில் சரி செய்யுங்கள். குடும்பக் கூட்டத்தைக் கூட்டுவதற்கு அதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி எனக்குத் தெரியாது. தடைக்காலத்தில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மேட்னியில் டிக்கெட் குறைத்துப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் காலை நேரத்தில் பள்ளி விழா, கூட்டம் என்று வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், 'சி' படிவ உரிமம் சினிமாவுக்கு மட்டும்தான் என்பதால் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. திருத்திய பார்ட்னர்ஷிப் பத்திரம், நிலப் பத்திரம், 'சி' படிவம் மூன்றுக்கும் நகல் எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பதிவாகியிருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு, உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால் அதை முதலில் சரி செய்ய வேண்டும். பிறகு, கேன்டீனையும் வாகன நிறுத்துமிடத்தையும் வெளியாருக்குக் கொடுப்பதில் பங்குதாரர் என்ற முறையில் உங்களுக்குச் சம்மதம் இல்லை என்று கொழுந்தனாருக்கும் அந்தக் காண்ட்ராக்டருக்கும் தனித்தனியாக எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். கொழுந்தனாருக்கு அனுப்புவதற்கு முன் நேரில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள், ஒரே வீட்டுக்குள் தபால் மட்டும் போனால் மனசு முறியும். அவர் ஏற்கெனவே டோக்கன் அட்வான்ஸ் ஏதாவது வாங்கியிருந்தால், எவ்வளவு, எந்தத் தேதி என்று கேட்டு, அந்தத் தொகையை பேங்க் மூலமாகவே திருப்பி அனுப்பி, காண்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போட்ட ரசீதும், எழுதி வைத்த பத்திரத்தின் மூலப் பிரதியும் திரும்ப வாங்கிவிடுங்கள்.